கால் எரிச்சலுக்கு எந்தக் களிம்பு? அரிய நரம்பு வலிகளுக்கான மேல்பூச்சு மருந்துகள்: முழுமையான வழிகாட்டி

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் போதும், "தம்பி, உள்ளங்கால் திகுதிகுன்னு எரியுது, ஏதாவது ஆயின்மென்ட் குடு" என்று தினம் இரண்டு மூன்று பேராவது வந்து நிற்பார்கள். பெரும்பாலும் காரணம் சர்க்கரை நோய். சிலருக்கு பி12 குறைவு, சிலருக்குக் குடி. எப்போதாவது ஒருவருக்கு மட்டும் இந்தக் கணக்கு எதிலும் அடங்காத எரிச்சல் இருக்கும். சர்க்கரை சரியாக இருக்கும், எக்ஸ்ரே சரியாக இருக்கும், நரம்புப் பரிசோதனைகூட நார்மல் என்று வந்துவிடும். ஆனால் ராத்திரி போர்வை காலில் பட்டால் துள்ளி எழுவார்.

என் அக்கா அப்படி ஒருத்தி. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டவள். சீசனில் மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போவாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் இரண்டு பாதமும் செக்கச்செவேல் என்று சிவந்து கொதிக்கும். நான் செய்த முதல் காரியம், கடையிலிருந்து மிளகாய்ச் சத்து கலந்த ஜெல் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. நரம்பு வலிக்கு நல்லது என்று படித்த ஞாபகம். அன்று ராத்திரி அவள் வாளித் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அதே ஜெல் எங்கள் தெருவில் அக்கி வந்து போன பெரியவர் ஒருவருக்கு நன்றாகவே கேட்டது. மருந்தில் பிழையில்லை. என்ன நோய் என்று தெரியாமல் எடுத்துக் கொடுத்தேனே, அதுதான் பிழை.

அதனால் இந்த வழிகாட்டி முதலில் நோயின் பெயரைத் தேடும், அப்புறம்தான் களிம்புக்கு வரும். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. இதில் உள்ளதை டாக்டரிடம் பேசுவதற்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வலி நரம்பிலிருந்துதான் வருகிறதா?

மூட்டு வலி, தசை வலி என்றால் அசைக்கும்போது கூடும், ஓய்வில் குறையும். நரம்பு வலிக்கு இந்த நியாயமெல்லாம் கிடையாது. சும்மா படுத்திருக்கும்போதுதான் அதிகம் படுத்தும். எரிச்சல், சுரீரென்று கரண்ட் அடிப்பது, ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது, மதமதப்பு, இப்படித்தான் சொல்வார்கள். இன்னொரு முக்கியமான அடையாளம், வலிக்கக் கூடாத ஒன்று வலிப்பது: பஞ்சு, புடவைத் தலைப்பு, மின்விசிறிக் காற்று. டாக்டர்கள் டிஎன்4 என்று ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் 10 அம்சங்கள், 4 அல்லது அதற்கு மேல் பொருந்தினால் நரம்பு வலி என்று சந்தேகிப்பார்கள்.

நரம்பு வலி இல்லையென்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவைப்படாது. நரம்பு வலிதான் என்றால் கடைகளில் அதிகம் விற்கும் டைக்ளோஃபெனாக் ஜெல் உங்களுக்குப் பெரிதாகப் பலன் தராது. அது வீக்கத்துக்கான மருந்து. என் கடையிலேயே நரம்பு எரிச்சலுக்கு அதை மாதக்கணக்கில் வாங்கித் தேய்த்தவர்கள் உண்டு. சுளுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வலி வந்திருக்கும்போது படம் எடுங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் அக்கா விஷயத்தில் முடிச்சை அவிழ்த்தது இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் காலை வேளையில் அவள் கால் வெறும் காலாக, சாதாரண நிறத்தில் இருக்கும். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் ராத்திரி மாமா செல்போனில் இரண்டு பாதத்தையும் படம் எடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் பெங்களூரில் ஒரு நரம்பியல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளிச்சத்தில், இரண்டு காலையும் சேர்த்து, முடிந்தால் பக்கத்தில் வேறொருவர் காலையும் வைத்து எடுங்கள். நிற வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நேரம், அன்று செய்த வேலை, வெயில், காலில் போட்டிருந்தது, இவற்றையும் குறித்து வையுங்கள்.

படி 3: நோயின் பெயரைத் தேடுங்கள்

இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் அடிக்கடி வருகிறவற்றைக் கழித்துக் கட்ட வேண்டும்: இரத்தச் சர்க்கரை, தைராய்டு, பி12, முழு இரத்த எண்ணிக்கை. நம் இரண்டு மாவட்டங்களுக்கென்று தனியாக இரண்டு கேள்விகள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் போர் தண்ணீரே குடித்தவர்களுக்கு முதுகெலும்பும் அதைச் சுற்றியுள்ள தசைநார்களும் தடித்து, தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் நெருக்கலாம். கால் எரிச்சலோடு முதுகு மரக்கட்டைபோல விறைத்து, நடை தடுமாறினால் பாதத்தில் எதைத் தடவியும் பயனில்லை. பிரச்சினை இருப்பது முதுகில்.

இரண்டு, தோல். நிறம் மங்கிய அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்வு இல்லை என்றால் தொழுநோயை விலக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கூட்டு மருந்து கிடைக்கிறது. கூச்சப்பட்டுக் களிம்பில் காலம் கடத்தினால் நரம்பு போய்விடும்.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகுதான் அரிய நோய்கள்.

எரித்ரோமெலால்ஜியா. சிவப்பு, உறுப்பு, வலி என்ற மூன்று கிரேக்கச் சொற்களைக் கோத்து 1878-ல் சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர். சூடு பட்டால், நின்றால், நடந்தால், ஷூ போட்டால் பாதம் சிவந்து எரியும். குளிர்ச்சியில் அடங்கும். பரம்பரையாக வரும் வகைக்குக் காரணமான எஸ்சிஎன்9ஏ என்ற மரபணு மாற்றத்தை 2004-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். வலி நரம்பில் சோடியம் உள்ளே போக ஒரு வாசல் இருக்கிறது. இந்த மாற்றம் அந்த வாசலை லேசில் திறந்துகொள்ளும்படி செய்துவிடுகிறது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அதே மரபணு வேலையே செய்யாத சில பாகிஸ்தானியக் குடும்பங்களைப் பற்றி 2006-ல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களுக்கு வலி என்பதே தெரியாது. அதில் ஒரு பையன் தெருவில் நெருப்புத் தணல் மேல் நடந்து காட்டிப் பிழைத்தவன். நம்மூர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவு வரும். எரித்ரோமெலால்ஜியா வந்த என் அக்காவுக்கோ சும்மா இருக்கும்போதே தணல்.

எரித்ரோமெலால்ஜியா என்று சந்தேகம் வந்தால் இரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்காமல் எந்தக் களிம்புக்கும் போகாதீர்கள். தட்டணுக்களோ சிவப்பணுக்களோ அளவுக்கு மீறிப் பெருகும் எலும்பு மஜ்ஜை நோய்களிலும் இதே எரிச்சல் வரும். அந்த வகைக்கு டாக்டர் கொடுக்கும் சின்ன அளவு ஆஸ்பிரின் மாத்திரை, எந்தப் பூச்சும் செய்யாததைச் செய்யும். அடிப்படையான மஜ்ஜை நோய்க்கான சிகிச்சையும் அங்கே தொடங்கும். நீங்களாக ஆஸ்பிரின் போட வேண்டாம்.

ஃபேப்ரி நோய். சிறு வயதிலேயே கை கால் எரிச்சல், காய்ச்சல் வந்தாலோ ஓடி விளையாடினாலோ அதிகமாவது, வியர்வை குறைவு, தொப்புளைச் சுற்றியும் தொடைப் பக்கமும் கருஞ்சிவப்புப் புள்ளிகள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பையன்களுக்குக் கடுமையாக இருக்கும், தாய்வழி மாமாக்களுக்கும் இருந்திருக்கலாம். "பள்ளிக்கூடம் போகப் பயந்து கால் வலின்னு சொல்றான்" என்று பழி சுமந்த பிள்ளைகள் இதில் உண்டு. இதைக் கண்டுபிடிக்க வேண்டியது வலிக்காக மட்டுமல்ல. நாளடைவில் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும் நோய் இது. குறையும் என்சைமை ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. விலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின் பட்டியலில் ஃபேப்ரி இருக்கிறது. அதன் சிறப்பு மையங்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெங்களூரில்: மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் சேர்ந்தது.

சிறு நரம்பிழை நோய். வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய இழைகள் மட்டும் கெட்டுப்போவது. வழக்கமான நரம்புக் கடத்தல் பரிசோதனை பெரிய இழைகளைத்தான் அளக்கும் என்பதால் அது நார்மல் என்றே வரும். "ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு மனசுதான் சரியில்லை" என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் தோலை எடுத்து இழைகளை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

சி.ஆர்.பி.எஸ். எலும்பு முறிந்தோ அறுவை முடிந்தோ கட்டுப் பிரித்த பிறகு, அந்தக் கை அல்லது கால் மட்டும் வீங்கி, நிறம் மாறி, தொடவே விடாமல் வலிப்பது. இதில் சீக்கிரம் தொடங்கும் பிசியோதெரபிதான் முதல் மருந்து. நாட்டுக்கட்டு இறுக்கிப் போட்டு அசையாமல் வைப்பது நிலைமையைக் கெடுக்கும்.

முகத்தில் மின்னலடிப்பது போல வரும் டிரைஜெமினல் நரம்பு வலிக்கு முதல் மருந்து மாத்திரை, பூச்சு அல்ல. கண்ணுக்குப் பக்கத்தில் நீங்களாக எதையும் தடவ வேண்டாம்.

எங்கே காட்டுவது என்று கேட்பவர்களுக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் கட்டப் பரிசோதனைகளை அங்கேயே முடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் சேலமோ, பெங்களூரில் உள்ள நிமான்ஸ் என்ற நரம்பியல் மருத்துவமனைக்கோ போகலாம். கையில் படங்கள், பழைய ரிப்போர்ட், இதுவரை தடவிய எல்லா டியூபுகளும் இருக்கட்டும். "ஒரு மஞ்ச டியூபு சார்" என்று சொல்வதைவிட டியூபையே காட்டுவது நல்லது.

படி 4: பூச்சு மருந்து எதுவரை போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேல்பூச்சு நோயைக் குணப்படுத்தாது. தோலுக்கு அடியில் முடியும் நரம்பு நுனிகளின் கூச்சலைக் கொஞ்சம் அடக்கும். வலி ஒரு கையளவு இடத்தில் இருந்தால் நன்றாகப் பொருந்தும். இரண்டு கால் முட்டிவரை எரிகிறது என்றால் பூச்சு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். வயதானவர்கள், ஏற்கெனவே பத்து மாத்திரை விழுங்குகிறவர்கள், மாத்திரையால் தலைசுற்றல் வருகிறவர்கள், இவர்களுக்குத்தான் பூச்சின் அருமை தெரியும். இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

2015-ல் வந்த சர்வதேச நரம்பு வலி வழிகாட்டுதலில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்து பேட்சும் (தோலில் ஒட்டும் பட்டை), மிளகாய்க் காரமான கேப்சைசினின் 8 சதவீத பேட்சும் இரண்டாம் வரிசையில்தான் இருக்கின்றன. அதுவும் அதிகம் காணப்படும் நரம்பு வலிகளுக்கு. அரிய நோய்களுக்கு ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் சோதிக்க ஆளே கிடைக்காது. அதனால் ஒருவருக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று உத்தரவாதம் இல்லை. உங்கள் காலில் நீங்களே ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

படி 5: மருந்தைத் தேர்ந்தெடுத்தல்

லிடோகெயின். பல் பிடுங்கும்போது போடும் மரப்பு ஊசி மருந்துதான் இது. முன்னே சொன்ன சோடியம் வாசலை அடைப்பதுதான் இதன் வேலை. அதனால் எரித்ரோமெலால்ஜியாவில் இதை முதலில் முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. தொட்டாலே வலிக்கும் இடங்களுக்கும் நல்லது. 5 சதவீத பேட்ச் 10-க்கு 14 சென்டிமீட்டர் அளவில் வரும். 12 மணி நேரம் ஒட்டலாம், அடுத்த 12 மணி நேரம் கழற்றி வைக்க வேண்டும், ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் பின்தாளை உரிப்பதற்கு முன்னால் வெட்டுங்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு பேட்ச் விலை கனம்தான். அப்படிப்பட்டவர்கள் 5 சதவீத ஆயின்மென்ட் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். பேட்ச் மேல் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூட்டில் மருந்து அதிகம் உள்ளே போகும். இதயத் துடிப்பு மருந்து எடுப்பவர்களும் கல்லீரல் கெட்டவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழற்றிய பேட்சில் இன்னும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தையும் நாயும் எடுக்காத இடத்தில் போடுங்கள்.

லிடோகெயினோடு பிரிலோகெயின் கலந்த கிரீமும் விற்கிறது. ஊசி போடுமுன் தோலை மரக்க வைக்கத் தடவுவது. பிரிலோகெயின் சிலருக்கு இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். தொழுநோய்க்கு டாப்சோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஜி6பிடி என்ற இரத்த என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். இவர்களுக்கு நான் இதைச் சீட்டில்லாமல் கொடுப்பதே இல்லை.

கேப்சைசின். மிளகாயின் காரம். 43 டிகிரி சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற உணரியை இது சூடே இல்லாமல் தட்டி எழுப்பும். அதனால்தான் காரம் எரிகிறது. 1997-ல் இந்த உணரியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திரும்பத் திரும்பத் தட்டினால் நரம்பு நுனி களைத்துப் பின்வாங்கும் என்பதுதான் சிகிச்சையின் தந்திரம். அதனால் 0.025 அல்லது 0.075 சதவீத கிரீமை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, விடாமல் பூச வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் எரியும், அப்புறம் மெல்ல அடங்கும். வலித்தபோது மட்டும் பூசுவது எரிச்சலை மட்டும் வாங்கிக்கொண்டு பலனை விட்டுவிடுவது.

அக்கி வந்து போன பின் நிற்கும் வலிக்கும், தோள்பட்டை எலும்பின் ஓரம் ஓயாமல் அரிக்கும் நோட்டால்ஜியாவுக்கும் இது பொருந்தலாம். சூட்டில் கிளம்பும் எரித்ரோமெலால்ஜியாவுக்கு இதை வீட்டில் முயலாதீர்கள். அக்காவின் அந்த ராத்திரி போதும். டியூபின் பின்பக்கத்தையும் படியுங்கள்: வலி ஜெல் பலவற்றில் டைக்ளோஃபெனாக்கோடு கேப்சைசின், மென்தால், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் கலந்திருக்கும். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் தெரியாது. 8 சதவீத பேட்ச் வேறு ரகம். டாக்டர் மேற்பார்வையில், பாதத்துக்கு 30 நிமிடம், அக்கி வலிக்கு 60 நிமிடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வரமிளகாயை அரைத்துப் பூசினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: தோல் வெந்துவிடும்.

அமிட்ரிப்டிலினும் (மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் மருந்து) கெட்டமினும் (மயக்க மருந்து) கலந்த களிம்பு. எரித்ரோமெலால்ஜியாவைப் பற்றித் தேடினால் இந்தப் பெயர் கட்டாயம் கண்ணில் படும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 36 நோயாளிகளின் பழைய பதிவுகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்டதில் நான்கில் மூன்று பேருக்கு ஓரளவாவது நிம்மதி கிடைத்ததாகச் சொன்னது. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் களிம்பு பூசிய குழு அதில் இல்லை. 2019-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் பலவகை வலி உள்ள 399 பேரை வைத்து இப்படிக் கலந்து செய்யும் களிம்புகளைச் சோதித்தார்கள். வெறும் களிம்பைவிட அவை மேலாக நிற்கவில்லை. அந்த 399 பேர் எரித்ரோமெலால்ஜியாக்காரர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முயலலாம், கடன் வாங்கி முயல வேண்டாம் என்பது என் கட்சி.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. கெட்டமின் நம் நாட்டில் 2013 முதல் அட்டவணை எக்ஸ் மருந்து. தனி உரிமம் வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். என் போன்ற சின்னக் கடைக்கு அது எட்டாது. டாக்டர் எழுதி, முறையான இடத்தில் செய்து வாங்கினால் வாங்குங்கள். அமிட்ரிப்டிலின் மாத்திரையைப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்து காட்டியவர் ஒருவர் இருந்தார். எத்தனை மருந்து தோலுக்குள் போகும், எத்தனை மேலேயே நிற்கும் என்று யாருக்கும் தெரியாத கலவை அது.

மென்தால். குளிர்ச்சி உணரியைத் தொடுவதால் சிலருக்கு இதமாக இருக்கும், சிலருக்குக் குளிரே வலியாகும். மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலங்களை இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் நிறையத் தேய்க்கக் கூடாது. மருதாணி, வெண்ணெய், விளக்கெண்ணெய் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வெண்ணெயும் எண்ணெயும் வறண்ட தோலுக்கு நல்லது, நரம்புக்கு ஒன்றும் செய்யாது. மருதாணி என்றால் கொல்லையில் பறித்த இலையாக இருக்கட்டும். கடையில் விற்கும் கறுப்பு மருதாணியில் சாயம் கலந்திருந்தால் தோல் பொத்துப்போகும்.

படி 6: தடவும் முறை

குளித்த உடனே தடவாதீர்கள். தோல் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் போகட்டும். முதல் நாள் கட்டைவிரல் அகல இடத்தில் மட்டும் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

அளவுக்கு விரல்நுனிக் கணக்கு உண்டு. ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடுவரை டியூபைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும், ஒரு பாதம் முழுதுக்கும் அதுபோல இரண்டு. அதிகம் அப்பினால் அதிகம் கேட்காது.

பித்தவெடிப்பு, புண், கொப்புளம் உள்ள இடத்தில் லிடோகெயினும் வேண்டாம், கேப்சைசினும் வேண்டாம். செருப்பில்லாமல் காட்டு வேலை பார்க்கிறவர்களின் குதிகாலைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெடிப்பு வழியாக மருந்து கணக்கில்லாமல் உள்ளே போகும். முதலில் வெடிப்பை ஆற்றுங்கள்.

கேப்சைசின் பூசும்போது கையுறை அல்லது ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொள்ளுங்கள். மீறிக் கையில் பட்டுவிட்டால் வெறும் தண்ணீரில் கழுவுவது வீண், காரம் தண்ணீரில் கரையாது. எண்ணெயோ நெய்யோ தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். பச்சை மிளகாய் நறுக்கிவிட்டுக் கண்ணைக் கசக்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எந்த மருந்தாக இருந்தாலும் மேலே பாலித்தீன் சுற்ற வேண்டாம்.

படி 7: ஒரு நோட்டு போடுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே மருந்து. இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று தெரியாது. தொடங்குமுன் ஒரு வாரம் மருந்தில்லாமல் எழுதுங்கள்: ராத்திரி படுக்கப்போகும்போது வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று வெயிலா மழையா. மருந்து ஆரம்பித்த பிறகும் அதே நேரத்தில் அதையே எழுதுங்கள். பங்குனி வெயிலில் தொடங்கி ஆடிக் காற்றில் முடித்துவிட்டு "மருந்து கேட்டுச்சு" என்று சொல்லக் கூடாது, கேட்டது காற்றாக இருக்கலாம்.

லிடோகெயினுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் கொடுங்கள், கேப்சைசின் கிரீமுக்கு நான்கு முதல் எட்டு. வலி மூன்றில் ஒரு பங்காவது, அல்லது பத்தில் இரண்டு எண்ணாவது இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. ஏழிலிருந்து ஐந்துக்கு வருவது பெரிய விஷயமா என்று தோன்றும். அக்காவுக்கு அந்த இரண்டு எண், ராத்திரியில் மூன்று மணி நேரத் தூக்கம். இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள். பாதி டியூப் மிச்சம் இருக்கிறதே என்று தொடராதீர்கள்.

படி 8: தண்ணீரும் சூடும்

எரித்ரோமெலால்ஜியா உள்ளவர்களை அதிகம் கெடுப்பது வாளித் தண்ணீர்தான். காலை உள்ளே விட்டால் உடனே சுகம், எடுத்தால் முன்னிலும் எரியும், மறுபடி உள்ளே. அக்கா ஐஸ் கட்டியும் போட ஆரம்பித்திருந்தாள். தோல் ஊறி வெளுத்து, விரலிடுக்கு வெடித்து, அதில் சீழ் பிடித்து, அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் எந்தக் களிம்பும் பூச முடியவில்லை. மாமா ஒரு வழி செய்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளுக்கா பஞ்சம்? வெட்டி மிச்சம் போன பலகை ஒன்றை வாங்கி வந்து கட்டிலுக்குக் கீழே போட்டார். ராத்திரி எரிச்சல் கிளம்பினால் அதன் மேல் காலை வைத்து, மேலே மின்விசிறி. ஈரமில்லை, ஐஸ் இல்லை, தோல் கெடவில்லை.

வேலை இடத்தில் மூடிய ஷூ கட்டாயம் என்றால், ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான், டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி மேலாளரிடம் பேசிப் பாருங்கள். இடைவேளையில் கழற்றவும் உட்காரவும் அனுமதி கிடைத்தாலே பாதி பாரம் குறையும்.

படி 9: எப்போது களிம்பை வைத்துவிட்டு ஓட வேண்டும்

கால் பலவீனமாகி மடங்குவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்குவது, விரல் கறுப்பது, புண்ணோடு காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. லிடோகெயின் போட்ட பிறகு நாக்கு மதமதப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே கழற்றி, பூசிய இடத்தைத் துடைத்துவிட்டு, பேட்ச் உறையோடு போங்கள்.

அக்கா இப்போது பாதத்தின் மேற்புறத்தில் ராத்திரி மட்டும் அரை பேட்ச் ஒட்டுகிறாள், கூடவே டாக்டர் எழுதிய மாத்திரை ஒன்று. தட்டணுக்களைச் சோதித்தாயிற்று, சரியாக இருந்தன. மாங்கூழ் ஆலையில் பூட்ஸ் வேண்டாத பிரிவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நோட்டில் போன வாரக் கணக்கு நான்கு, ஐந்து, நான்கு, நான்கு, ஆறு என்று இருக்கிறது. அந்த ஆறு, மாரியம்மன் பண்டிகைக்குப் பொங்கல் வைக்க வெயிலில் நின்ற நாள்.